மாமனார் ஏறிய லாரி

"மாப்பிள்ளை, இங்க ஒண்ணு செவப்பா முழிச்சுப் பார்க்குதே!"

மாமனார் சொன்னதும் லாரிக்காரர் பிரேக்கை மிதித்தார். வண்டி இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. டாஷ்போர்டின் கோடியில், இத்தனை வருஷத்தில் ஒருநாளும் எரிந்து பார்த்திராத குட்டி விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் மேலிருந்த படம் எப்போதோ தேய்ந்து அழிந்துவிட்டது.

பின்னால் ஆஸ்பத்திரிக் கட்டில்கள். பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய் இறக்க வேண்டும். அதைவிடப் பெரிய கவலை, பக்கத்தில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தது. லோடு போகிற ஊரில்தான் மாமனாரின் மூத்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பேத்தியின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. பஸ்ஸில் குலுங்கிப் போக அவர் முதுகு இடம் கொடுக்காது.

"என் வண்டியிலேயே கூட்டிட்டுப் போறேன் மாமா" என்று வாக்குக் கொடுத்த லாரிக்காரர், வெறும் பலகை கிடந்த இடத்தில் ஒரு மெத்தை சீட் போட முடிவு செய்தார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடையில் ஒன்றை வாங்கிவந்து, தரையில் துளை போட்டு, நேற்று முழுக்கத் தானே உட்கார்ந்து பூட்டினார். சீட்டோடு தொங்கிய ஒயரையும் அநாதையாக விடாமல், பொருந்துகிற இடத்தில் செருகினார். பெரியவரின் இடுப்பில் உறுத்தும் என்று தோன்றியதையெல்லாம் சுருட்டி அடியில் திணித்தார். அதற்கு மேல் அவர் மனைவி ஒரு தலையணை வைத்தாள்.

நல்ல மனசோடு செய்த வேலைக்கு இப்படியா பலன்?

'துளை போடும்போது பிரேக் குழாயைக் குத்திவிட்டேனோ?' லாரிக்காரர் வண்டியைப் பின்னோக்கி எடுத்து வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"நீங்க இறங்காதீங்க மாமா. அங்கேயே உக்காந்து விளக்கைப் பார்த்துச் சொல்லுங்க."

கிடைத்த உத்தியோகத்தில் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். லாரிக்காரர் வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

"எரியுதா மாமா?"

"நல்லா எரியுது மாப்பிள்ளை!"

குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் இவ்வளவு தூரம் தவழ்ந்து வந்துவிட்டு சும்மா திரும்பலாமா? ஒரு நட்டைக் கொஞ்சம் இறுக்கினார். அதுவரை ஒழுங்காக இருந்த இணைப்பு 'புஸ்ஸ்' என்று காற்றை விட ஆரம்பித்தது. அதைக் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டி, காற்று நிற்கிறதா என்று காது வைத்துக் கேட்டு வெளியே வருவதற்குள் அவர் முகம் அடுப்பில் விழுந்து எழுந்தது போலாகிவிட்டது.

"இப்ப மாமா?"

"ஒரு குறையும் இல்லாம எரியுது!"

எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு வந்தார். "பேட்டரியைக் கழட்டி மாட்டுங்க. என் மெஷினுக்கு நான் அதான் பண்ணுவேன்."

"தையல் மெஷினுக்கு ஏதுய்யா பேட்டரி?"

"பிளக்கைப் பிடுங்கிச் சொருகுவேன். ரெண்டும் ஒண்ணுதானே!"

லாரிக்காரர் கழற்றி மாட்டினார். மாட்டிய நொடியில் ஹாரன் அலற ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தையல்காரர் இருந்த இடத்தில் தையல்காரர் இல்லை.

ஹாரன் ஒயரைத் தேடிப் பிடுங்கி, சுரண்டித் துடைத்து மாட்டியதும்தான் அது வாயை மூடியது. அந்த அமைதியில் மேலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, ஹாரன் நின்னுடுச்சு. விளக்கு எரியுது."

"அப்பா, எவ்வளவு நேரமா உக்காந்திருக்கீங்க? இறங்கித் தண்ணி குடிங்க" என்று மனைவி சொம்போடு வந்தாள். மாமனார் இறங்கினார். லாரிக்காரர் ஏறிப் பார்த்தார்.

விளக்கு எரியவில்லை!

"ஆண்டவனே, கண்ணைத் திறந்துட்டே! மாமா, ஏறுங்க!"

மாமனார் சிரித்துக்கொண்டே ஏறினார். விளக்கு எரிந்தது. இறங்கினார். அணைந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை ஏறினார். எரிந்தது. இந்த முறை சிரிப்பில்லாமல் இறங்கி, தன் பையையும் எடுத்துக்கொண்டார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. என் ராசிதான். நீங்க கிளம்புங்க. நோயாளிங்க கட்டிலுக்குக் காத்திருப்பாங்க. புள்ளையோட போட்டோ மட்டும் எடுத்து அனுப்புங்க, போதும்."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

லாரிக்காரர் கரிக் கையோடு அந்தப் பையைப் பிடித்து இழுத்தார். "நேத்து இடுப்பொடிய சீட் போட்டது உங்களுக்கா, போட்டோவுக்கா? பிரேக்கை நான் பார்த்துட்டேன், நல்லா இருக்கு. போற வழியில மெக்கானிக் கிட்டயும் காட்டிக்கலாம். நீங்க ஏறாம இந்த வண்டி நகராது."

"பிடிவாதக்காரருக்குப் பொண்ணைக் கொடுத்துட்டேன்."

"பொண்ணு மட்டும் என்னவாம்?"

மனைவிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. மாமனார் திரும்ப ஏறினார். விளக்கும் தவறாமல் எரிந்தது.

பின்னாலிருந்து இன்னொரு ஹாரன் கேட்டது. லாரி வழியை அடைத்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னால் பள்ளி வேன். ஓட்டுகிற அம்மாள் இறங்கி வந்தார்.

"அண்ணே, விடிஞ்சதிலேருந்து ஹாரன் அடிச்சதும் நீங்கதான், இப்ப வழியை மறிச்சுட்டு நிக்கிறதும் நீங்கதானா? பிள்ளைங்க வாசல்ல காத்துக்கிட்டு இருக்கும்."

லாரிக்காரர் நடந்ததையெல்லாம் சொன்னார். துளை, குழாய், பேட்டரி, பேத்தி, ராசி எதையும் விடவில்லை. திட்டத்தான் போகிறார் என்று நினைத்தார். ஆண்டவன் கைகொடுக்க நினைத்தால், அவசரத்தில் இருக்கிற பள்ளி வேன்காரரைக்கூட அனுப்பிவைப்பான் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அந்த அம்மாள் படியில் கால் வைத்து ஏறினார். விளக்கைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, எதையோ பிடித்து உருவியபடி சிரித்தார்.

"ஐயா, உங்க ராசிக்கு ஒரு குறையும் இல்ல; நீங்க சீட் பெல்ட் போடாம பேத்தியைப் பார்க்கப் போயிடக் கூடாதேன்னு இந்த விளக்குதான் காலையிலேருந்து கிடந்து தவிக்குது!"