கச்சிமுகம்மது உமிமலை ஏறிய படலம்

இந்தக் காலத்து மனிதர் துரத்த ஆளில்லாமலே ஓடுகிறார்கள். முன்பெல்லாம் ஒருவன் ஓடினால் பின்னால் ஒரு யானையாவது வரும். இப்போது காசு கட்டி, நெஞ்சில் இலக்கம் குத்தி, மலையில் போய் ஓடுகிறார்கள். இப்படிக் கெட்டுப்போன காலத்திலும் நிதானம் தவறாது நடந்து திரிந்த பெருந்தகையைப் பாடுவோம். வெற்றிலைச் செவ்வாயர், கல்முனை நெல்லாலையின் தனிப்பெருந் தலைவர், எவர் சொல்லும் நுழையா இரும்புச் செவியர், கச்சிமுகம்மது வாழ்க!

அன்னாரின் மகள் ஸம்றாவை மணந்தவன், ஆலை இயந்திரங்களின் மொழியறிந்தவன், ஜெஸீம். அவன் நுவரெலியாப் பக்கத்து மலையோட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். அறுவடை நெல் வந்து குவியும் நேரம். அவன் கால் பிசகினால் ஆலை நின்றுவிடும். ஆகவே மாமனார் ஆணையிட்டார்: "சறுக்காத சப்பாத்து எண்டு எனக்குக் காட்டுங்க, போகலாம்."

மருமகன் பஸாருக்கு ஓடி, கடைக்காரர் பர்ஸானிடம் கெஞ்சி, இரண்டு சோடி சப்பாத்து கொணர்ந்தான். மாலை அஸர் தொழுகைக்குள் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் சேறு படாமல். புட்டுப்போல் பொதுக்கென்ற அடியுடைய சிவப்பு, கல்லில் இறங்கும்போது முழங்காலைக் காக்குமாம். உழவு மெஷின் டயர்போல் பல் துருத்திய கறுப்பு, ஈரமண்ணைக் கடித்துப் பிடிக்குமாம். கூடவே முதுகில் ஒட்டும் தண்ணீர்ப் பையும், ஆபத்தில் ஊத ஒரு விசிலும் வந்திறங்கின.

"விசில ஊதினா மலையில ஆரு வாற?" என்றார் வீரர்.

மலையேது நம் கரையில்? கடலும் வயலும் பாய் விரித்தாற்போல் தட்டை. மேடென்று சொல்ல ஆலைக்குப் பின்னே வான்முட்ட எழுந்த உமிக்குவியல் ஒன்றே உண்டு. சப்பாத்தைச் சோதிக்க அதில் ஏற முன்வந்த ஜெஸீமை மாமனார் கைகாட்டி நிறுத்தினார்.

"ஒங்கட கால் ஒங்களுக்குத்தான் சாட்சி சொல்லும். நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே, கொண்டாங்க இஞ்ச."

ஒரு சோடியுடன் ஏறி, பின் மற்றதுடன் ஏறினால் அதற்குள் உமி இளகிவிடும், அது நீதியன்று எனக் கண்ட நீதிமான், ஏரில் இரு காளை பூட்டுவதுபோல் வலக்காலில் சிவப்பையும் இடக்காலில் கறுப்பையும் பூட்டினார். சந்தேகமே கவசமாக, மடித்துக் கட்டிய சாரனே போர்க்கோலமாக, பிஸ்மில்லாஹ் என முழங்கி, கோட்டை மதிலை முட்டும் களிறெனப் பாய்ந்து, ஒரு முழம் ஏறி, ஒன்றரை முழம் இறங்கி, மீண்டும் சீறி, கையும் காலும் ஊன்றி, காகங்கள் கலைந்தோட, பூமாரிக்குப் பதில் உமிமாரி பொழிய, கண்ணிமைக்கும் நேரம் உச்சியில் நின்றார், நின்றார், பின்பு இடுப்புவரை புதைந்து, மலையின் பாதியோடு உட்கார்ந்தபடியே கீழே வந்து சேர்ந்தார்.

"எந்தக் கால் மாமா முதல்ல சறுக்கின?" என்று பதறினான் ஜெஸீம். அவனுக்கு அது ஒன்றே தெரியவேண்டியிருந்தது.

"வாப்பா, சறுக்கின சப்பாத்தா, சாரனா?" என்றாள் ஸம்றா, வாயைப் பொத்திக்கொண்டு.

உமி படிந்த தாடியைத் தட்டி, வீரர் தீர்ப்புரைத்தார்: "ரெண்டும் ஒண்ட ஒண்டு பாத்துத்தான் சறுக்கின. ரெண்டையும் நான் நம்பல்ல. மலைக்குப் போங்க மருமகன், வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா ஓடாதீங்க. நடந்து போங்க."

அஸர் பாங்கு கேட்டது. ஜெஸீம் சப்பாத்துக்காகக் கையை நீட்டியபடியே நின்றான். அவரோ திரும்பிப் பாராமல், மழைச்சேறு கிடந்த றோட்டால், ஒரு காலில் சிவப்பும் மறுகாலில் கறுப்புமாகத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.