தேய்ந்துபோன பேரரசர்

மருந்துக்கடைக்காரர் ஒரு மேதகு நோயால் பீடிக்கப்பட்டிருந்தார். ரோமாபுரிப் பேரரசுக்கு அடங்கிக் கிடந்த தூரத்து ஊர்கள் தாங்களே அடித்துவிட்ட பழைய செப்புக் காசுகளைச் சேர்ப்பதே அந்நோய். தலைநகரத்துக் காசு வைத்திருப்பவர்களை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அது சட்டைப்பை கனத்த எவனிடமும் இருக்கும். வெளியூர்க் காசுதான் இப்போது நாகரிகம். முகமே தேய்ந்திருந்தால் பரம நாகரிகம்.

அவரிடமிருந்த ஒரே காசு சோப்புத் துண்டைப்போல் தேய்ந்திருந்தது.

“குழாய்க்குப் போடற வாஷர்ங்க இது. ஓட்டை போட மறந்துட்டாங்க,” என்றாள் மனைவி.

“உனக்குப் பார்வைப் பயிற்சி போதாது.”

இந்நிலையில் தொல்பொருள் அலுவலகம் கருணைகூர்ந்து ஓர் ஆணை பிறப்பித்தது. காசிலுள்ள முகத்தை அதிகாரி கண்ணால் கண்டால் காசு உரியவருக்கு, காணாவிட்டால் அரசுக்கு. மருந்துக்கடைக்காரர் காசோடு போய் நின்றார்.

அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாருங்க இது?”

“பேரரசர் சார்.”

“எங்க இருக்காரு?”

“இதோ மூக்கு. இது தாடி.”

“எனக்கு ஆடு மாதிரி படுது. ஆடுன்னா நீங்க கால்நடைத் துறைக்குப் போகணும்.”

“கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க சார்.”

சாய்த்தார். “இப்ப படுத்திருக்கற ஆடு.”

காசு அரசுப் பெட்டியை நோக்கி நகர்ந்தது. அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த துறை இயக்குநரின் படம் மருந்துக்கடைக்காரரின் கண்ணில் பட்டது.

“சார், நம்ம இயக்குநர் ஐயா ஜாடை தெரியல?”

அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. தெரியவில்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் பதவி உயர்வு நெருங்கியிருந்தது.

“அட, ஐயாவேதான். இந்த மூக்கு வேற யாருக்கு வரும்?”

பக்கத்து மேசைகளெல்லாம் எழுந்து வந்து ஐயாவைத் தரிசித்தன. ஆடு என்று முதலில் சொன்ன துஷ்டன் யார் என அதிகாரி கண்டிப்புடன் விசாரித்தார். தாம்தான் என்று மருந்துக்கடைக்காரர் ஒப்புக்கொண்டார். மன்னிப்பும் கேட்டுக்கொண்டு காசோடு வெளியேறினார்.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸை எடுத்துப் பேரரசரைத் தேடினார். மூக்கிருந்த இடத்தில் இயக்குநரின் மூக்கு. தாடியிருந்த இடத்தில் இயக்குநரின் இரட்டைத் தாடை. காசைத் தலைகீழாகப் பிடித்தார். இயக்குநர் தலைகீழாக முறைத்தார்.

“என்னங்க, நின்னுக்கிட்டே பாக்கறீங்க? உக்காருங்களேன்,” என்றாள் மனைவி.

“மெதுவாப் பேசு,” என்றார் அவர். “ஐயா இன்னும் உக்காரச் சொல்லல.”