மேஸ்திரி மேல் நான் போட்ட டிக்கெட்

பிழை கண்டுபிடிப்பது என் தொழில். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருக்கிறேன். அடுத்தவர் செய்த வேலையில் கோளாறைத் தேடிப்பிடித்து, படம் எடுத்து, எவ்வளவு ஆபத்து என்று குறித்து, டிக்கெட், அதாவது புகார்ச் சீட்டு, போடுவேன். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். தொல்லை என்னவென்றால், இந்தப் புத்தி ஆபீஸோடு நிற்பதில்லை. (என் கல்யாணப் பத்திரிகையிலேயே இரண்டு பிழை கண்டுபிடித்து அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான்.) அப்படிப்பட்ட நான் ஒரு பாவமும் அறியாத ஜீவன் மேல் டிக்கெட் போட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.

கல்யாணமாகி, சென்னையிலிருந்து பெங்களூர் விவேக் நகரில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கீழே அத்தையின் தையல் கடை, மாடியில் நாங்கள். வீட்டில் டைகர் என்று ஒரு நாய்க்குட்டி. பெயர்தான் டைகர், மிக்ஸி போட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கண் திறந்து கொஞ்ச நாளிலேயே யாரோ அட்டைப்பெட்டியில் வைத்துக் கடை வாசலில் விட்டுப்போன குட்டி. அத்தை அதைப் பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்துக் காப்பாற்றியிருந்தார். அதனால் அந்த வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை, பிறகுதான் என் கணவர் பிரகாஷ், எனக்கு இன்னும் இடம் ஒதுக்கவில்லை.

அன்று அத்தை தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் பக்கத்துப் பேட்டையான நீலசந்திராவுக்குப் போனார். டைகரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். புது மருமகளிடம் ஒப்படைத்த முதல் பொறுப்பு. உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றுவது என்று லேப்டாப்போடு பால்கனியில் உட்கார்ந்தேன். டைகர் கீழே, கேட்டுக்கு வெளியே திரிந்துகொண்டிருந்தது.

கால் மணி நேரத்தில் தெருநாய் ஒன்று கேட்டருகே வந்தது. ஆள் உயரத்தில் பாதி இருக்கும், கறுப்பு. கட்டட வேலை நடக்கும் இடங்களில் மணல் குவியல் மேல் ஏறி உட்கார்ந்து எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் தெருவே அதை மேஸ்திரி என்று கூப்பிடும். (அப்போது எனக்கு இது தெரியாது.) முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. பாயப்போகிறது என்று நினைத்தேன். பாய்ந்தது. டைகர் மல்லாந்து கிடந்தது. அதன் கழுத்து மேஸ்திரியின் வாய்க்குள். உர்ரென்று உறுமல் வேறு.

ஒரு வாளித் தண்ணீரை மாடியிலிருந்து கொட்டினேன். நாய்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. சைக்கிளில் வந்த கீரைக்காரர் மேல் முழுவதும் விழுந்தது. அவர் சொன்னது கன்னடம் என்பதால் என் மானம் பாதி தப்பியது. அடுத்து, நான்கு படம் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் பல் பளபளவென்று தெரிந்தது. மாநகராட்சியின் புகார்ச் செயலியைத் திறந்து, இடம், நேரம், படம், 'உயிருக்கு ஆபத்து', எல்லாம் ஒழுங்காக நிரப்பி அனுப்பினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு டிக்கெட் எழுதியதில்லை.

என் கெட்ட நேரம், நாய் பிடிக்கும் வண்டி பக்கத்துத் தெருவிலேயே நின்றிருந்தது. வலையோடு வந்தவர்கள் எந்த நாய் என்று கேட்டார்கள். மணல் மேல் நிம்மதியாகப் படுத்திருந்த மேஸ்திரியைக் கை நீட்டிக் காட்டினேன். அது வாலை ஆட்டியபடியே பிடிபட்டது. அந்த வால்கூட எனக்கு உறைக்கவில்லை.

அத்தை திரும்பி வந்ததும் வீரப் பிரதாபத்தை ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் தையல் மெஷின் முன்னால் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா சுதா, அவன் கடிக்கலம்மா. எப்படிக் கடிக்கணும்னு கத்துக் குடுத்துட்டிருந்தான்."

பிறகு கையை நீட்டிக் காட்டினார். முழங்கை வரை ஊசிப்பல் கீறல்கள், எல்லாம் ஆறிய தழும்பு. தாயோடும் கூடப் பிறந்த குட்டிகளோடும் புரண்டு விளையாடியிருந்தால் எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று டைகருக்குத் தெரிந்திருக்கும். அதற்கு வாய்ப்பில்லாமல் போனதால் கண்டதையெல்லாம் முழுப்பலத்தோடு கடித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி வந்த பிறகுதான் மாற்றம். கடி பலமாகிவிட்டால் மேஸ்திரி கீச்சென்று கத்திவிட்டு எழுந்து போய்விடும். விளையாட்டு அதோடு முடிந்தது. டைகர் பின்னாலேயே ஓடிக் கெஞ்சி, அடுத்த முறை மெதுவாகப் பல் வைக்கும். சில சமயம் அவ்வளவு பெரிய நாய் தானே மல்லாந்து கிடந்து குட்டியை ஜெயிக்க விடும். நான் 'ஆபத்து' என்று படம் பிடித்தது இந்தப் பாடத்தைத்தான். எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. சரியாக ஓடுவதைப் பிழை என்று எழுதியிருந்தேன்.

ஆசிரியர் போனதும் மாணவன் கெட்டான். நான்கே நாளில் டைகர் என் துப்பட்டாக்களை முடித்துவிட்டுக் கணுக்காலுக்கு வந்தது. ஐந்தாம் நாள், அளவு கொடுக்க வந்த ஒரு பெண்மணியின் மகள் கையில் பல் பதிந்தது. தோல் கிழியவில்லை. ஆனாலும் அந்தம்மா துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஊருக்கு வெளியே, அத்திபெலேயில் இருக்கும் சித்தப்பாவின் குடோனில் டைகரை விட்டுவிடலாம் என்றார் பிரகாஷ். அன்று மத்தியானம் அத்தை சாப்பிடவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

விசாரித்துக்கொண்டு, மேஸ்திரியை வைத்திருந்த காப்பகத்துக்கு ஓடினேன். கருத்தடை ஆபரேஷன் ஆகியிருந்தது. புண் ஆற வேண்டும், ஆறியதும் அதே தெருவில் விடுவோம், "ஏனூ ஆகல்ல மேடம்," ஒன்றும் ஆகாது என்று வாசலில் இருந்தவர் தேற்றினார். உள்ளே இருந்த டாக்டரம்மா தமிழ்தான். கம்பிக்குப் பின்னால் மேஸ்திரி என்னைப் பார்த்து மறுபடியும் வாலை ஆட்டியதும் அவரிடம் அழுதபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அவன் வர்ற வரைக்கும் நீங்கதான் மேஸ்திரி," என்றார் அவர். "கடிச்சா அடிக்காதீங்க. கீச்சுன்னு கத்திட்டு எழுந்து போயிடுங்க. அவ்ளோதான்."

எம்.சி.ஏ. படித்த நான் அன்று முதல் கீச்சினேன். சமையலறையில் கீச்சினேன், மாடிப்படியில் கீச்சினேன், ஒரு தடவை ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைக்க மறந்து கீச்சினேன். 'சுதா, ஆர் யூ ஓகே?' என்று மேனேஜர் கேட்க, நெட்வொர்க் கோளாறு என்றேன். கீரைக்காரர் எங்கள் வீட்டு வாசலை மட்டும் எதிர்ச்சாரியில் கடக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, டைகர் என் மணிக்கட்டைக் கவ்வியது. கத்தினேன். சட்டென்று வாயைத் திறந்தது. எழுந்து போக மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடித்த இடத்தை நக்கியது. பிறகு அதே இடத்தில், பல் இருப்பதே தெரியாமல், மறுபடி வாயை வைத்தது. நான் அத்தையைக் கூப்பிட்டேன். அத்தை பார்த்தார், என் தலையைத் தடவிவிட்டு மெஷினுக்குப் போனார். அத்திபெலேப் பேச்சை அதற்குப்பின் யாரும் எடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் வண்டி வந்து மேஸ்திரியை இறக்கிவிட்டது. ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. டைகர் கேட்டுக்கு அடியில் நுழைந்து ஓடிப்போய் அந்தக் காதைத்தான் கவ்வியது. மேஸ்திரி கத்தவில்லை. அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டது.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் யார் யாரைக் கிண்டல் செய்தாலும், அது வலிக்கிற இடத்துக்குப் போய்விட்டால், வலித்தவர் 'கீச்' என்று சொல்ல வேண்டும். கிண்டல் செய்தவர் அதோடு நிறுத்த வேண்டும். பிரகாஷ் வேடிக்கையாக ஆரம்பித்து வைத்த வழக்கம் இது. என் சமையலைச் சாப்பிடும்போதும் அவர் 'கீச்' என்பார், அவர் வண்டி ஓட்டும்போது நான் 'கீச்' என்பேன். அத்தை மட்டும் சொன்னதே இல்லை, சிரிப்பதோடு சரி.

போன மாதம் ஒருநாள் விளையாட்டாக, இந்தக் காலத்தில் யார் ஜாக்கெட் தைத்துப் போடுகிறார்கள் அத்தை, கடையைக் காலி செய்தால் வண்டியாவது நிறுத்தலாம் என்றேன். மெஷின் நின்றது. அத்தை தலை நிமிராமல், நூலைப் பார்த்தபடி, மெல்லிய குரலில் சொன்னார்:

"கீச்."

நான் வாயை மூடிக்கொண்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.