கல்லாவி அத்தைக்கு, ஆயில் மாற்றிய விவரம்

ஓசூர்
9.9.2009, புதன்கிழமை

மரியாதைக்குரிய அத்தை அவர்களுக்கு மருமகன் ஜெகதீஷ் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி ஒன்றும் இல்லாததால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். அங்கு தாங்களும் மாமாவும் மச்சான் சின்னராஜும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ரஞ்சிதா ஞாயிற்றுக்கிழமை மதியமே அங்கு வந்து சேர்ந்திருப்பாள். ஏன் வந்தாள் என்று சொல்லியிருப்பாளோ, அழுதுகொண்டு மட்டும் இருப்பாளோ தெரியவில்லை. எதுவானாலும் நானே என் வாயால் ஒப்புக்கொண்டுவிடுவதுதான் முறை என்று இதை எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். நேற்று இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் மாமா எடுத்து "யாருங்க" என்றார். யாரென்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, வைத்துவிட்டேன். நேரில் வரலாமென்றால் கம்பெனியில் ஆடிட், லீவு கிடையாது.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஹைபிரிட் கார்தான். பெங்களூரில் ஒரு அதிகாரி ஒரு வருஷம் ஓட்டிவிட்டு வெளிநாடு கிளம்பும்போது எனக்கு விற்றது. பெட்ரோல் பாதி, பேட்டரி பாதி என்று ஓடும். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். முதல் வாரம் ஒவ்வொரு சிக்னலிலும் நான் வண்டி நின்றுவிட்டதென்று இறங்கித் தள்ளப் பார்த்தேன். பக்கத்து ஊரான பேரிகையிலிருந்து வந்து இங்கே கடை போட்டிருக்கும் மெக்கானிக் ஆஞ்சப்பன், தெரியாத வண்டியில் கையை வைக்காதீங்க சார், பெங்களூருக்கே கொண்டுபோய் சர்வீஸ் விடுங்க என்று அப்போதே சொன்னார். பதினோரு வருஷமாக போல்ட் தயாரிக்கும் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன் நான், ஒரு போல்ட்டைக் கழற்றி ஆயில் மாற்ற அத்தனை தூரம் போவேனா என்று சிரித்தேன். இணையத்திலிருந்து இருபத்தாறு பக்கம் அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

போன மாதக் கடைசி ஞாயிறு, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் என்ற விஷத் திரவத்தை மாற்றினேன். வண்டிக்குள் ஆரஞ்சு நிற வயர்கள் போகும், தொட்டால் ஆள் காலி என்று நாலாம் பக்கத்தில் போட்டிருந்தது. அதனால் ரப்பர் செருப்பும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டேன். ஷாக் அடித்தால் ஆளைத் தொடாமல் கட்டையால் தட்டிவிட வேண்டும் என்று ரஞ்சிதாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாவம், சப்பாத்திக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றாள். ஸ்பானர் நழுவி விரல் நசுங்கி நான் "ஆ" என்றேன், முட்டியில் ஓங்கி ஒன்று போட்டாள். அவள் மேல் தப்பே இல்லை. இப்போதும் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவள் அக்கறையை நினைத்துக்கொள்கிறேன்.

அன்று அவசரத்துக்குச் சமையலறைப் புனலை எடுத்து அதில்தான் கூலன்ட் ஊற்றினேன். பிறகு சோப்பு போட்டு மூன்று முறை கழுவி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மறுநாள் அவள் நல்லெண்ணெயை டின்னிலிருந்து பாட்டிலுக்கு மாற்றுவதைப் பார்த்தேன், அதே புனல்தான். கம்பெனியில் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி வீட்டில் சாப்பிடாமல் இருந்து, ஒருநாள் அந்தப் பாட்டில் எண்ணெயை அவளுக்குத் தெரியாமல் கொட்டிவிட்டேன். எண்ணெய் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்ததே என்று அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டாள் என்று தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் காருக்கு அடியில் போல்ட் எங்கே இருக்கிறதென்று பார்க்கப் போனேன். டார்ச்சுக்கு அவளுடைய செல்போனை எடுத்துப் போனேன். அது கை தவறிப் பழைய கூலன்ட் வைத்திருந்த வாளிக்குள் விழுந்துவிட்டது. துடைத்து, அரிசி டப்பாவில் ஒரு மணி நேரம் புதைத்து, சத்தமில்லாமல் சார்ஜரில் சொருகி வைத்தேன். அதற்குப் பிறகு அது வாயைத் திறக்கவில்லை. அவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

இனிமேல் எழுதப்போவதுதான் பெரியது. ஞாயிறு காலை ஆயிலை இறக்க அகலமான பாத்திரம் வேண்டியிருந்தது. பரணில் தாங்கள் கல்யாணச் சீராகக் கொடுத்த பித்தளை அண்டா இருந்தது. ஆமாம் அத்தை, அதுதான். போல்ட்டைத் திருகினேன், தேன் நிறத்தில் சுத்தமாக இறங்கியது. அந்த அதிகாரி ஆயிலை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார் என்று மெச்சிக்கொண்டேன். அப்போது ரஞ்சிதா பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னாள். முகத்தில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்ததால் "அம்மா வீட்டுக்கு" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. நான் "சரிம்மா" என்றேன். போல்ட்டை மூடி, மேலே புது ஆயிலை முழுக்க ஊற்றிவிட்டு வெளியே வந்தால் வீட்டில் ஆள் இல்லை. வீட்டுச் சொந்தக்காரம்மா கெம்பம்மா மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"ரஞ்சிதா பேக் எத்துக்கிணு போயிட்டாளே சாமி, கொத்தில்லவா உனக்கு, தெரியாதா?" என்றார்.

உள்ளே ஓடிப் பார்த்தேன். பீரோவில் பட்டுப்புடவையைக் காணோம். இரண்டு நாளைக்குப் போகிறவள் பட்டுப்புடவை எடுத்துப் போவாளா? பஸ் ஸ்டாண்டில் பிடித்துவிடலாம் என்று லுங்கியோடு காரில் ஏறி ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் அலறுகிறது, வெள்ளைப் புகை தெருவையே மறைக்கிறது, வண்டி மட்டும் முன்னால் ஒரு அங்குலம் நகரவில்லை. மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் ஏறியது. பதறிப்போய் கைபிரேக்கை விடுவித்ததும், எங்கள் வாசல் சரிவு அல்லவா, வண்டி மெதுவாகப் பின்னால் உருண்டு கெம்பம்மாவின் எருக்குழியில் உட்கார்ந்துகொண்டது. இறங்க முடியாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு நானும் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி கிருஷ்ணகிரி பஸ் போயிருக்கும் என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அத்தை. புகையால் என்று கெம்பம்மாவிடம் சொன்னேன்.

ஆஞ்சப்பன் டிராலியோடு வந்து வண்டியை மேலே இழுத்து, அடியில் போய்ப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கையைத் துடைத்தார்.

"சார், அடியில ரெண்டு போல்ட்டு இருக்குது. நீங்க எறக்குனது கியர் ஆயிலு. இன்ஜின் ஆயிலு அப்டியே இருக்குது, அதும் மேலயே இன்னொரு தபா ஊத்தியிருக்கிறீங்க. சார் கம்பெனில என்ன வேலை பாக்கறதா சொன்னீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மூன்று நாளாக நான் சமைப்பதும் இல்லை, தூங்குவதும் இல்லை. அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்துவிட்டது, வாசனை போகவில்லை. ரஞ்சிதா கோபித்துக்கொண்டது அண்டாவுக்கா, போனுக்கா, புனலுக்கா, மூன்றுக்கும் சேர்த்தா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் மன்னிப்புக் கேட்கிறேன். இனி அந்தக் கார்ப் பக்கம் ஒரு ஸ்பானர் எடுத்துக்கொண்டு போகமாட்டேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இந்த வீடு இவ்வளவு பெரியது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வருவாள். தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கங்கள். சின்னராஜுக்கு அன்பு. எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

தங்கள் பணிவுள்ள மருமகன்,
ஜெகதீஷ்

பி.கு.: அம்மா, ரஞ்சிதா எழுதறேன். நாலு மணிக்கு வந்து சேர்ந்தேன். அவர் ரெண்டாம் ஷிப்டுக்குப் போயிருக்கார். இந்தக் கடிதம் ஒட்டாமல் டிவி மேலே இருந்தது, படித்துவிட்டேன். செல்வம்மாள் சித்தி பேத்திக்குக் காதுகுத்து, மூணு நாளில் வந்துடறேன்னு மூன்று தடவை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். மூன்று தடவையும் "சரிம்மா" என்றார். அண்டா, புனல் எதுவும் சத்தியமாக எனக்குத் தெரியாது. போன் ஞாயிறு காலை நான் துவைக்கும்போது தண்ணீர் பட்டுத்தான் கெட்டுப்போனது என்று நினைத்து, அவருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாரே என்று நானே பயந்துகொண்டிருந்தேன். நானே வந்துவிட்டேன், இனி இந்தக் கடிதத்துக்கு அவசியம் இல்லை, இங்கே எனக்கு நிறைய வேலையும் இருக்கிறது. அப்படியும் இதைத் தபாலில் போடுவது ஏனென்றால், அடுத்த வாரம் மாப்பிள்ளையை வரச்சொல்லி டிராக்டருக்கு அவர் கையாலேயே ஆயில் மாற்றிவிடலாம் என்று அப்பா நேற்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இதை அப்பாவுக்கு ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டவும்.