மாப்பிள்ளை சுட்ட பலூன்

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். சுற்றியிருப்பவர்கள் அவனைப் பற்றிப் பேசுவார்கள். அவன் தரையைப் பார்த்தபடி, தட்டில் இருக்கும் கேசரியை அளவாகச் சாப்பிட வேண்டும். பையன் ரொம்ப அமைதி என்று பெயர் வரும். அன்று நான் கடைப்பிடித்த அமைதிதான் பிறகு தாம்பரம் பொருட்காட்சியில் ஓர் இன்ஸ்பெக்டரின் ஜீப்பை மூடியது. (மூடியது என்றால் நிஜமாகவே மூடியது. அதற்கு வருகிறேன்.)

என் மாமனார் தேவராஜனுக்குப் படப்பையில் ஹார்டுவேர் கடை. பைப், சிமென்ட், ஆணி, பெயின்ட் எல்லாம் கிடைக்கும். பஜாரில் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. அவருடைய பெண் மாலதியைப் பார்க்கப் பம்மலிலிருந்து நாங்கள் ஒரு பட்டாளமாகப் போயிருந்தோம். பேச்சு என் சம்பளத்துக்கு வந்தது. அது நீண்ட நேரம் பேசக்கூடிய சம்பளம் இல்லை. குரோம்பேட்டை டயர் கடையில் கணக்குப் பார்ப்பவனுக்கு என்ன பெரிதாக வந்துவிடும்? கூடத்தில் சட்டென்று ஒரு மௌனம் விழுந்தது. அந்த மௌனம் தாங்காமல் என் அத்தை வாயைத் திறந்தாள்.

"பையன் துப்பாக்கி சுடறதுல மெடல் வாங்கினவன். காலேஜ்ல."

நான் கேசரியை இன்னும் அளவாகச் சாப்பிட்டேன். உண்மை என்னவென்றால், காலேஜில் மாணவர் படை முகாமுக்குப் போயிருந்தேன். ஆளுக்கு ஐந்து குண்டு கொடுத்துச் சுடச் சொன்னார்கள். என் அட்டையில் ஓர் ஓட்டை கூட இல்லை. பக்கத்தில் படுத்துச் சுட்டவனின் அட்டையில் மட்டும் பத்து ஓட்டை. அவனைத் தட்டிக்கொடுத்துப் பாராட்டினார்கள், அவனும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டான். எனக்குக் கிடைத்த மெடல், முகாம் சமையல் கொட்டகையில் வெங்காயம் உரித்த குழுவுக்குக் கொடுத்தது.

ஆனால் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "துப்பாக்கியா? எங்க வம்சத்துல உண்டிகோல் கூட எவனும் ஒழுங்கா அடிச்சதில்லீங்க" என்றார். அந்தக் கண்களில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்த பிறகு, சம்பிரதாயம் இல்லாமல் இருந்திருந்தாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள், ஆனால் அது ஏர்கன் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தது.

கல்யாண மண்டபத்தில் வந்தவர்களிடமெல்லாம் மாமனார் என்னை அறிமுகப்படுத்திய விதம் ஒன்றுதான்: "மாப்ள. துப்பாக்கி மெடல்." வேலை, படிப்பு, பெயர் எதுவும் கிடையாது. ஒரு பெரியவர் என் கையைக் குலுக்கிவிட்டு, "பார்டர்ல இருந்தீங்களா தம்பி?" என்று கேட்டார். குரோம்பேட்டை என்று சொல்ல மனம் வரவில்லை, சிரித்து வைத்தேன்.

தலைப்பொங்கல் வந்தது. சீர், கரும்பு, புது வேட்டி எல்லாம் முடிந்து, காணும் பொங்கலுக்கு என்ன திட்டம் என்று கேட்டபோது மாமனார் குண்டைப் போட்டார். "தாம்பரம் கிரவுண்டுல பொருட்காட்சி போட்டிருக்கான். பலூன் சுடற கடை இருக்காம். மாப்ள சுடறதை நம்ம ஜனங்க ஒரு தடவை கண்ணால பாக்கட்டும்." இதற்காக ஒரு வேன் பேசியிருந்தார். வேன் கொள்ளாமல் சொந்தக்காரர்கள் ஏறினார்கள். குன்றத்தூரிலிருந்து வந்த ஒரு சித்தப்பா, "மலைக்கு வேற நாள் போய்க்கலாம், முருகன் எங்க போகப் போறாரு" என்று சொல்லிவிட்டு ஏறினார். முருகனைவிட முக்கியமான காட்சியாகிவிட்டேன் நான்.

மாலதிக்கு மட்டும் வெங்காய விவகாரம் தெரியும். வேனில் என் காதருகே குனிந்து, "கண்ணைத் திறந்துகிட்டாவது சுடுங்க" என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து எந்த உதவியும் கிடைக்கவில்லை.

பொருட்காட்சி வாசலில் கூட்டம் நின்றிருந்தது. டிக்கெட் வரிசை என்று நினைத்தால் இல்லை. மேலே ஒரு பேனர் கட்டியிருந்தார்கள்: "பொதுமக்கள் பாதுகாப்பு கருதி, வளாகத்துக்குள் துப்பாக்கி, ஏர்கன், பொம்மைத் துப்பாக்கி உள்ளிட்ட அனைத்துக்கும் தடை."

அந்த பேனருக்குச் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது எனக்கு. பேனரை எழுதியவன் நீடூழி வாழ வேண்டும், அவன் பிள்ளைகள் நல்ல மார்க் வாங்க வேண்டும்.

கூட்டம் அப்படி நினைக்கவில்லை. எதற்காகத் தடை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. வேறு ஏதோ ஊர்ப் பொருட்காட்சியில் ஏர்கன் ரவை தெறித்து ஒருவர் இடுப்பில் பட்டதாம். இடுப்பு இல்லை, முட்டி என்றார் இன்னொருவர். முட்டியும் இல்லை, அவர் கையிலிருந்த பஜ்ஜி என்றார் மூன்றாமவர். "நல்ல முடிவு சார், குழந்தைங்க வர்ற இடம்" என்று ஒரு டீச்சரம்மா சொன்னதும், "அப்போ ஜயன்ட் வீலு மட்டும் சேஃப்டியா? அது கத்துற கத்தைக் கேட்டீங்களா?" என்று ஒருவர் பாய்ந்தார். வாசல் காவலரின் காலடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் அண்டா நிறைய பொம்மைத் துப்பாக்கிகள். ஒரு அப்பா அந்த அண்டாவைக் காட்டி, "இது சோப்பு நுரை விடறது சார். நுரை பட்டு எவன் செத்தான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காவலர், "போர்டுல அனைத்தும்னு போட்டிருக்கு" என்று ஒரே பதிலை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தார்.

மாமனார் இடிந்துபோய் நின்றார். நான் துக்கம் தாளாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டு டிக்கெட் வாங்க நழுவினேன். அங்கேதான் ஏதோ ஒரு யூடியூப் சேனல்காரப் பெண் மைக்கை என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். "சார், இந்தத் தடையைப் பத்தி மக்கள் கருத்து என்ன?"

சந்தோஷம் தலைக்கேறியவனிடம் மைக்கைக் கொடுக்கக் கூடாது.

"அருமையான முடிவுங்க! துப்பாக்கிய யார் வேணா எடுத்துச் சுடறதா? என்னையே எடுத்துக்குங்க. காலேஜ் கேம்ப்ல அஞ்சு குண்டு சுட்டேன். அஞ்சும் பக்கத்துப் பையன் போர்டுல போய் விழுந்துச்சு. என்னை மாதிரி ஆளுங்க கையில ஏர்கன் குடுத்தா ஜனங்க கதி என்ன? யோசிச்சுப் பாருங்க! எனக்குக் குடுத்த மெடலே வெங்காயத்துக்குத்தாங்க!"

அவளுக்கு வெங்காயம் புரியவில்லை, ஆனால் பிடித்துப்போயிற்று. "சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தின் மறுபக்கம் போனாள். அங்கே யாரிடம் மைக்கை நீட்டினாள் என்பதை அப்போது நான் பார்க்கவில்லை.

உள்ளே போனால் நடுத்திடலில் ஒரு தர்ணா நடந்துகொண்டிருந்தது. பலூன் கடை மங்கா அக்கா, ஊதிக் கட்டிய பலூன் பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். "இன்னா சார் நாயம் இது? வருசாவருசம் இங்கதான் கடை போட்டுகினு கீறேன். ஒருத்தன் மேல ஒரு ரவை பட்டுகீதா? கடைய இஸ்துகினு வந்தப்புறம் போர்டு மாட்டறீங்களே, பேஜாரா கீது சார்!" என்று மேடையில் நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்டார். சுற்றி நின்ற கூட்டம் கை தட்டியது. டெல்லி அப்பளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கூட அப்பளத்தை வாயில் கவ்விக்கொண்டு தட்டினார்கள். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் தடை நீங்கிவிடக் கூடாதே என்றும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் இருந்ததுதான் கஷ்டம்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். பண்டிகை நாளில் யாரையும் அழவைக்க அவருக்கு விருப்பமில்லை. விழாக் குழுவினரோடு பேசிவிட்டு மைக்கைப் பிடித்தார். "சரிம்மா. பின்னாடி வலை கட்டுங்க. பப்ளிக்ல டிரெய்னிங் எடுத்தவர் ஒருத்தர் வந்து சுட்டுக் காட்டட்டும். ரவை வலையத் தாண்டலன்னா கடைக்கு மட்டும் அனுமதி தரேன். கடைக்காரங்க சுட்டா கணக்கில்ல. யாராவது இருக்கீங்களா?"

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். என் கை தானாக மேலே போயிற்று. தானாக எப்படிப் போகும்? மாமனார் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கியிருந்தார்.

"இருக்காரு சார்! என் மாப்ள! மெடல் வாங்கினவரு!"

கூட்டம் வழிவிட்டது. வேன் ஜனம் விசிலடித்தது. மங்கா அக்கா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உன்ன நம்பித்தான் கீறேன் நைனா. பாத்து சுடு." அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். திரும்பிப் பார்த்தேன். மாமனார் தன் தம்பியின் தோளில் கை போட்டு நின்றிருந்தார். வாழ்க்கையில் அவர் முகம் அவ்வளவு பெருமையாக இருந்ததை நான் பார்த்ததில்லை, கல்யாணத்தில் கூட இல்லை. அந்த முகத்தைக் கெடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன்.

பலகை பத்தடி தூரத்தில் இருந்தது. பலூன்கள் தேங்காய் அளவு. கையெட்டினால் குத்திவிடலாம் போலத் தெரிந்தன. கட்டையைத் தோளில் வைத்தேன், ஒரு கண்ணை மூடினேன். பயத்தில் இன்னொரு கண்ணும் சேர்ந்து மூடிக்கொண்டது. விசையை இழுக்கும்போது குழாய் மேலே போனதாக மாலதி பிறகு சொன்னாள். "கொடிக்கு சல்யூட் அடிக்கிற மாதிரி தூக்கினீங்க" என்றாள்.

'டப்' என்று சத்தம். கண்ணைத் திறந்தேன். பலகையில் எல்லா பலூன்களும் சுகமாக ஆடிக்கொண்டிருந்தன. வலையில் ஒன்றும் இல்லை. ரவை எங்கே போயிற்று என்று எல்லோரும் தரையில் தேடினோம். அப்போதுதான் மேலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பொருட்காட்சித் திடலுக்கு மேல், "வருக வருக" என்று எழுதி, ஒரு லாரி அளவுக்கு விளம்பர பலூன் ஒன்றைக் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டிருந்தார்கள். சானடோரியம் ஸ்டேஷனிலிருந்தே அது தெரியும். அது இப்போது முகம் வாடி, ஒரு பக்கம் சாய்ந்து, அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் ஓடக் கூட இல்லை. எல்லோரும் போனில் படம் பிடித்தார்கள். அது நிதானமாகத் திடலைத் தாண்டி, வாசல் தடை பேனர் மேல் கொஞ்சம் படுத்து, அதையும் இழுத்துக்கொண்டு, வெளியே நின்ற இன்ஸ்பெக்டரின் ஜீப்பை உச்சி முதல் சக்கரம் வரை போர்த்திக்கொண்டது. ஜீப்பின் முகப்பில் ஒரு "வருக" மட்டும் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் என் அருகில் வந்து, குரலே உயர்த்தாமல், "சார், உங்களுக்கு எங்க டிரெய்னிங்?" என்று கேட்டார்.

நான் துப்பாக்கியை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினேன். அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாமனாரின் குரல் வந்தது.

"ஏன் சார், பலூனைத்தானே சுடச் சொன்னீங்க? சுட்டாரு! சின்ன பலூன எவன் வேணா சுடுவான்!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஜயன்ட் வீல் நின்றது என்று அந்தக் குன்றத்தூர் சித்தப்பா இன்றும் சொல்கிறார். இன்ஸ்பெக்டரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆனால் தடை அப்படியே நீடித்தது. வாசலில் காலையிலிருந்து தடையை எதிர்த்தவர்கள் எல்லாம் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் கட்சி மாறிவிட்டார்கள். சோப்பு நுரை அப்பா என் தோளைத் தட்டி, "உங்களைப் பாத்தப்புறம்தான் சார் போர்டு புரிஞ்சுது" என்றார். மங்கா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "பெரிய பலூனு சுட வந்த மூஞ்சிய பாரு!" என்று தொடங்கி அவர் சொன்னதில் மீதியை அச்சில் போட முடியாது. எல்லாம் எனக்குத் தகும் என்றே நின்று கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை படப்பை வீட்டில் இட்லி சாப்பிடும்போது அந்த வீடியோ வந்து சேர்ந்தது. யாரோ அதைப் பெரிய டிவியில் போட்டுவிட்டார்கள். திரையை இரண்டாக வெட்டியிருந்தாள் அந்தப் பெண். இடது பக்கம் மாமனார்: "என் மாப்ள மெடல் வாங்கினவரு! தடை போட்டா இந்த மாதிரி திறமைசாலிங்க என்ன ஆவாங்க?" வலது பக்கம் நான்: "என்னை மாதிரி ஆளுங்க கையில ஏர்கன் குடுத்தா ஜனங்க கதி என்ன?" கடைசியில் பலூன் இறங்குகிறது, ஜீப் மறைகிறது. என் வெங்காயமும் முழுதாக வந்திருந்தது.

சட்னி என் இலையில் ஓடியது, அதைத் தடுக்கக் கூட எனக்குத் தோன்றவில்லை. மாமனார் வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். பிறகு சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இவ்ளோ திறமை இருந்தும் எப்படி அடக்கமா பேசறாரு!"

மாலதி எழுந்து சமையலறை வழியாகப் பின்பக்கம் ஓடிவிட்டாள். அவள் சிரிக்கும் சத்தம் கிணற்றடியிலிருந்து கேட்டது.

பலூனுக்கான நஷ்டத்தை விழாக் குழுவோடு பேசித் தீர்த்தவரும் மாமனார்தான். காசு கொடுத்தாயிற்று, சரக்கை எதற்கு விட வேண்டும் என்று கிழிந்த பலூனை வேனின் மேல் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மங்கா அக்காவைத் தேடிப் போய், பிவிசி பைப்பை வளையம் வளையமாக வெட்டிக் கொடுத்ததும் அவர்தான். அக்கா இப்போது வளையம் வீசும் கடை போடுகிறார். போன முறை போனபோது என்னைப் பார்த்ததும் பரிசுக்கு வைத்திருந்த சோப்பு டப்பாக்களையெல்லாம் பின்னால் நகர்த்தி வைத்துவிட்டு, "நீ மட்டும் எட்ட நின்னு வேடிக்கை பாரு நைனா" என்றார். படப்பை வீட்டில் பிறந்தநாளுக்கு பலூன் கட்டினால், "மாப்ள வர்றாரு, கழட்டி வை" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் கேக் வெட்டுவதில்லை.

அந்த பலூன் தோல் இன்றும் மாமனார் கடையில் சிமென்ட் மூட்டைகள் மேல் விரித்துக் கிடக்கிறது. ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் எல்லோரும் பார்க்கும்படி முன்பக்கம் வைத்திருக்கிறார். சிமென்ட் வாங்க வருபவரிடம், "நம்ம மாப்ள சுட்டது" என்று புலித்தோலைக் காட்டுவது போலக் காட்டுவார். காட்டிவிட்டுத்தான் விலை சொல்வார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. கடையில் ஆள் இல்லை. இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"மாப்ள, உள்ளதச் சொல்லுங்க. அன்னிக்கி எதைக் குறி வெச்சீங்க?"

"சத்தியமா எதையும் இல்ல மாமா. கண்ணை மூடிக்கிட்டேன்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் மாமனார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, வாசலை எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "வெளியில சொல்லிடாதீங்க. பஜார்ல எனக்கு ஒரு மரியாத இருக்கு."