லுசேயானேயின் சொந்தச் சமையல்

தீ அலாரம் அடித்ததும் மாணவர் குடியிருப்பின் ஐந்து மாடிகளும் காலியாகின. பூமியின் தென்கோடியில் இருக்கும் டனீடின் நகரின் மே மாதக் குளிரில் எல்லோரும் தெருவில் வந்து நின்றார்கள். ஒருவன் தலையில் ஷாம்பூ நுரையும் இடுப்பில் துண்டுமாக நின்றான். கொஞ்ச நேரத்தில் வார்டன் ஃபெர்கஸ், கருகிய பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"இது யாரோடது?"

லுசேயானே கையைத் தூக்கினாள்.

"என்ன சமைச்சே?"

"முட்டை."

"பொரிச்சியா?"

"வேக வெச்சேன்."

ஃபெர்கஸ் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். "தண்ணி எங்கே?"

"முதல்ல இருந்துச்சு."

துண்டு கட்டியவன் ஏதோ முணுமுணுத்தான். ஃபெர்கஸ் பாத்திரத்தை நடைபாதையில் வைத்தார்.

"இது மூணாவது தடவை. இன்னொரு தடவை அலாரம் அடிச்சா உன்னை எதிர்க் கட்டிடத்துக்கு மாத்திடுவேன். அங்கே மூணு வேளையும் சமைச்சுப் போடுவாங்க. உனக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

"நான் போகமாட்டேன்."

"ஏன்?"

"எனக்குச் சமைக்கத் தெரியும்."

இதை அவள் தலை நிமிர்ந்து சொன்னதால் ஃபெர்கஸ் மறுபடியும் ஒருமுறை பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அந்த எதிர்க் கட்டிடம்தான் எல்லா வம்புக்கும் காரணம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, எங்கே தங்குவது என்று சொந்த ஊரான ஒமாருவில் அவர்கள் வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. சமைத்துப் போடும் அந்த ஹாலா, தானே சமைத்துக்கொள்ளும் குடியிருப்பா? அம்மா ஹெய்லாலாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. டோங்கா தீவுக்காரர்களின் சர்ச்சில் கல்யாணமானாலும் சாவானாலும் இருநூறு பேருக்குச் சமைப்பவள் அவள். தன் மகள் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

"ஹால்லயே இரு. உனக்கு வெந்நீர்கூட வெக்கத் தெரியாது."

"தெரிஞ்சுக்கறேன். பதினெட்டு வருஷமா என்ன சாப்பிடணும், எவ்வளவு சாப்பிடணும், எப்போ சாப்பிடணும்னு நீதான் முடிவு பண்ணினே. இனிமே நான் முடிவு பண்றேன்."

"அப்படியா? நீ சமைச்சு நான் என்னைக்குச் சாப்பிடறேனோ அன்னைக்குப் பேசறேன். அதுவரைக்கும் உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல."

"சரி."

"சரி."

இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். பிப்ரவரியிலிருந்து அம்மா போன் செய்யவில்லை. மகளும் செய்யவில்லை. இறைச்சி ஆலையில் வேலை பார்க்கும் அப்பா டானியேலா மட்டும் ஞாயிறுதோறும் பேசுவார். "அம்மா எங்கே?" என்று அவள் கேட்கமாட்டாள். "அம்மா நல்லா இருக்கா" என்று அவராகவே சொல்வார்.

முட்டை சம்பவத்துக்குப் பிறகு லுசேயானே அடுப்பின் பக்கம் போகவில்லை. ரொட்டியும் டப்பா மாட்டிறைச்சியுமாக ஒரு வாரம் ஓடியது. உடற்கூறியல் வகுப்பில் அவளுக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் இருந்த கிர்ஸ்டி தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

கிர்ஸ்டி, கோர் என்ற ஊருக்குப் பக்கத்துப் பண்ணைவீட்டுப் பெண். எதிர் ஹாலில் தங்கியிருந்தாள். பெண்கள் ரக்பி அணியில் முன்வரிசை ஆட்டக்காரி, அதற்கேற்ற பருமன்.

"எங்க ஹாலுக்கு வந்துடேன்."

"செத்தாலும் வரமாட்டேன்."

"அப்ப நான் கொண்டுவந்து தரேன். ஆனா வெளியாளுக்குக் கொடுக்கறேன்னு தெரிஞ்சா எனக்குச் சோறு கிடையாது. யார்கிட்டயும் வாய் திறக்காதே."

லுசேயானே யோசித்தாள். ஹாலில் தங்குவதுதான் தோல்வி. ஹால் சாப்பாட்டைத் தன் அறையில், தனக்குப் பிடித்த நேரத்தில், தன் தட்டில் போட்டுச் சாப்பிடுவது தோல்வி ஆகாது. அப்படித்தான் அவள் தனக்குத்தானே விளக்கிக்கொண்டாள்.

மறுநாள் கிர்ஸ்டி கொண்டுவந்த டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி வாயில் போட்டவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். சாதாரண ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும்தான். ஆனால் வயிற்றுக்குள் யாரோ விளக்கேற்றி வைத்தது போல இருந்தது.

"உங்க ஹால் சாப்பாடு வாயிலயே வெக்க முடியாதுன்னு சொன்னியே?"

"அது பழைய ஆள். ஈஸ்டருக்கு அப்புறம் ஒரு புது சமையல்காரம்மா வந்திருக்காங்க. நான் டப்பாவை நீட்டினதும் இன்னும் ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டு, 'பாவம், ஒல்லியா இருக்கே'ன்னாங்க."

கிர்ஸ்டியை ஒல்லி என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அந்த மகிழ்ச்சியில் அவள் தினமும் டப்பா கொண்டுவந்தாள். லுசேயானேக்கு வகுப்பில் தலை சுற்றவில்லை. கன்னம் கொஞ்சம் உப்பியது. இந்தச் சாப்பாடு ஏன் இவ்வளவு ருசிக்கிறது என்று யோசித்தாள். சுதந்திரத்தின் ருசி இப்படித்தான் இருக்கும் போல என்று முடிவு செய்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு நாள் ஆட்டிறைச்சியைத் தன் தட்டில் அழகாகப் பரப்பி, மேலே ஒரு பச்சை இலையையும் வைத்து, படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"இதை நீயா செஞ்சே?"

"வேற யாரு செய்வா?"

"அம்மாகிட்ட காட்டறேன். இப்ப வீட்ல இல்ல."

சனிக்கிழமை மறுபடி பேசினார். "காட்டினேன்மா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் பாத்துட்டுச் சிரிச்சா."

சிரித்தாளா? லுசேயானேக்குக் காது சூடாகியது. அடுத்த வாரம் மூன்று படங்கள் அனுப்பினாள். அப்பா அவற்றைச் சர்ச்சில் எல்லோருக்கும் காட்டினார். அத்தை மெலேனைட்டே செய்முறை கேட்டாள். லுசேயானே யோசித்து, இறைச்சி மிருதுவாக வர மூன்று பெரிய கரண்டி சமையல் சோடா போட வேண்டும் என்று எழுதி அனுப்பினாள். அத்தை வீட்டில் குழம்பு பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது.

"அத்தை உன்மேல கோவமா இருக்கா" என்றார் அப்பா. "நீ நிஜமா சமைக்கிறியான்னு கேக்கறா."

"அத்தைக்குக் கைப்பக்குவம் பத்தல. சந்தேகமா இருந்தா அம்மாவையே அனுப்பு. வந்து சாப்பிட்டுப் பாக்கட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது உறைத்தது.

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு அப்பா சொன்னார்: "வர்ற சனிக்கிழமை மத்தியானம் வராளாம்."

அந்தச் சனிக்கிழமை கிர்ஸ்டி இரண்டு பெரிய டப்பாக்களோடு ஓடி வந்தாள். ஆட்டுத்தோள் கறி, பூசணி, கேரட். லுசேயானே எல்லாவற்றையும் குடியிருப்பின் பாத்திரங்களுக்கு மாற்றினாள். டப்பாக்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சமைத்தவள் போலத் தெரிய முன்கையில் கொஞ்சம் மாவைப் பூசிக்கொண்டாள்.

ஹெய்லாலா வந்தாள். முகத்தில் களைப்பு தெரிந்தது; ஒமாருவிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு என்று லுசேயானே நினைத்துக்கொண்டாள். மகளைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"அடுப்பு பளபளன்னு இருக்கே."

"துடைச்சு வெச்சிட்டேன்."

"தொட்டா ஜில்லுன்னு இருக்கு."

"இந்த ஊர்ல எல்லாமே சீக்கிரம் ஆறிடும்மா."

"கையில என்ன மாவு? கறிக்கு எதுக்கு மாவு?"

"அது என் முறை."

ஹெய்லாலா உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் செய்தாள். வழக்கத்தைவிட நீளமான ஜெபம். பிறகு ஒரு துண்டு இறைச்சியை எடுத்து மெதுவாக மென்றாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

"சரியாத்தான் இருக்கு."

"கறி இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்."

"இதுக்கு மேல வெந்தா கூழாயிடும். சமைச்சவளுக்குத் தெரியாதா?"

"தெரியும்தான்" என்றாள் ஹெய்லாலா.

அந்த அமைதிதான் லுசேயானேயை உசுப்பிவிட்டது. பிப்ரவரியிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வந்தது.

"ஒத்துக்கம்மா. உன்னால ஒத்துக்க முடியல. நான் உன் உதவி இல்லாம, உன் கையால சாப்பிடாம, நல்லா இருக்கேன். பாரு, குண்டாகக்கூட ஆயிட்டேன். ஊர்ல நீ சமைச்சதுல ஒருநாளாவது இந்த ருசி இருந்துச்சா? இது வேற கைப்பக்குவம். உன்னுதைவிட நூறு மடங்கு மேல."

ஹெய்லாலா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு துடித்தது.

"இன்னொரு தடவை சொல்லு."

"உன்னுதைவிட நூறு மடங்கு மேல."

"சரி. நீ ஜெயிச்சிட்டே. எங்கே வேணா தங்கிக்கோ, என்ன வேணா சாப்பிடு. இனி நான் குறுக்கே வரமாட்டேன்."

லுசேயானேக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஃபெர்கஸையும் அத்தையையும் அந்தத் துண்டு கட்டியவனையும் வரிசையாகக் கூப்பிட்டுவந்து இதைக் கேட்கவைக்க வேண்டும் போல இருந்தது. தட்டில் மிச்சமிருந்ததை அம்மாவுக்கே அள்ளி வைத்தாள்.

அப்போது கதவு படாரென்று திறந்தது. ஹாலில் அப்போதுதான் இனிப்பு போட்டிருப்பார்கள் போல. ஆவி பறக்கும் ஆப்பிள் புட்டிங்கை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கிர்ஸ்டி உள்ளே வந்தாள். மேசையில் உட்கார்ந்திருந்த ஹெய்லாலாவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. புட்டிங்கை அப்படியே முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"சத்தியமாச் சொல்றேன் செஃப், நம்ம ஹால்ல நீங்க சமைக்கிறதை நான் ஒருநாளும் வெளியாளுக்குக் கொண்டுவந்து கொடுத்ததே இல்ல."