ஏணி இல்லாமல் குழாய் அடைப்பு எடுத்த விவரம்

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து பெரிய அண்ணாவுக்கு,

உங்கள் ஒரே தங்கை எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். இந்த வாரம் மட்டும் மத்தியானமும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "சரி சரி, நேர்ல பேசிக்கலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக் கூரையில் ஏற வேண்டாம். அடைப்பு எடுத்தாகிவிட்டது. தரையில் நின்றபடியே எடுத்தோம்.

திங்கட்கிழமை பெய்த மழையில், ஓட்டுக்கூரை ஓரத்துத் தகர வாய்க்கால் நிரம்பி, சுவரோடு இறங்கும் குழாய் வழியாகப் போகவேண்டிய தண்ணீரெல்லாம் வாசற்படிக்கு மேலே திரை போட்டதுபோல் கொட்டியது வாஸ்தவம். அதை உங்கள் மாப்பிள்ளை வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் உங்களிடம் சொல்லிவிட்டார், நீங்களும் "ஏணியை எடுத்து வை, ஞாயித்துக்கிழமை வந்து அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறேன்" என்று சொல்லிவிட்டீர்கள். முப்பத்தொரு வருஷம் மின்சாரக் கம்பம் ஏறினவர் நீங்கள், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அண்ணா, அந்தக் கம்பங்களில் ஏறியபோது உங்களுக்குத் தலைசுற்றல் கிடையாது. இப்போது கட்டிலைவிட்டு எழுந்தாலே சுவரைப் பிடிக்கிறீர்கள், போன மாதம் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றிருக்கிறீர்கள். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அண்ணி எனக்குப் போன் செய்யவே இல்லை. செய்து அழவும் இல்லை. "நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறார், ஏற வேண்டிய வேலையே இல்லாம நீயாவது பண்ணிடும்மா" என்று அவர் சொல்லவே இல்லை. அதனால் அவரைத் திட்டாதீர்கள்.

அண்ணி சொல்லாத அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வேலையாக இவரைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, ஏணியில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். "காலை வெக்காம எப்படிடி கூரைக்குப் போறது?" என்றார். "கூரைக்குப் போக வேண்டாம், கூரை நம்மகிட்ட வரும்" என்றேன். எப்படி வரும் என்று எனக்கும் அப்போது தெரியாது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான் என்று உங்களுக்குத் தெரியும். மீதியெல்லாம் பொட்டலம் கட்டிவந்த காகிதத்திலும் மருந்துப் பெட்டிக்குள் மடித்துவைத்த சீட்டிலும் எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். குழாய் அடைப்பைப் பற்றி எந்தப் பொட்டலத்திலும் வரவில்லை. ஆகவே கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, கணக்கு நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு ஆரம்பித்தேன்.

அடைப்பு எந்த இடத்தில் என்று முதலில் தெரியவேண்டும் அல்லவா? குழாயைக் கீழேயிருந்து மேல்வரைக்கும் ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே போனால், காலியான இடத்தில் கணீர் என்றும் அடைத்த இடத்தில் பொத் என்றும் கேட்கும் என்று என் யோசனை. நான் தட்ட, இவர் குழாயில் காதை வைத்துக் கேட்க, "கணீர்... கணீர்... கணீர்..." என்று இவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் தன் வீட்டுக் கதவைத்தான் யாரோ தட்டுகிறார்கள் என்று மூன்று தடவை வந்து திறந்து பார்த்துவிட்டு, நாலாவது தடவை நேரே எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "என்ன சார், குழாய்க்குக் காய்ச்சலா?" என்றார். "மலச்சிக்கல் சார்" என்றார் இவர். எனக்கு மானம் போயிற்று. ஆனால் வாத்தியார் அதைக் கேட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எங்களோடு சேர்ந்துவிட்டார். ஓய்வு பெற்றவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று அகப்பட்டால் போதும். கீழிருந்து ஆறாவது அடியில் பொத் என்றது. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அடுத்து, குழாயின் அடிவாயில் தோட்டத்து ரப்பர் குழாயை நுழைத்து, உள்ளே மேலே மேலே தள்ளி, தண்ணீரைத் திறந்துவிடுவது என்று முடிவாயிற்று. நான் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் திறக்க நிற்கிறேன், வாத்தியார் மேலே அண்ணாந்து பார்க்கிறார், இவர் குனிந்து ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். திறந்தேன். "வருது, வருது!" என்று இவர் கத்தினார். "எது வருது, அடைப்பா?" என்று கேட்டேன். "இல்லடி, தண்ணி வருது, என் மூஞ்சி மேல வருது, மூடு!" என்றார். மேலே போன தண்ணீர் அடைப்பில் முட்டித் திரும்பி, ஆறு மாதத்து இலையை ஊறவைத்த கஷாயத்தோடு சட்டைக்குள் இறங்கிவிட்டது. அன்றைக்கு இவர் இரண்டு தடவை குளித்தார். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை, துணி காயப்போடும் கம்பியில் ஒன்றை அவிழ்த்து, நுனியைக் கொக்கிபோல வளைத்து, அடிவாய் வழியாக விட்டுக் கிண்டி இழுத்தேன். அண்ணா, என்னவெல்லாம் வந்தது தெரியுமா! பறவைக்கூட்டுக் குச்சி இரண்டு கைப்பிடி, பந்து ஒன்று, பல் தேய்க்கும் பிரஷில் பாதி, அப்புறம் இவருடைய சாம்பல்நிறக் காலுறை ஒன்று. அந்தக் காலுறையை நான்தான் எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று ஆறு வருஷமாக இவர் சொல்லிக்கொண்டிருந்தார். அலசி, காயவைத்து, மடித்து, இவர் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "காத்துல பறந்திருக்கும்" என்றார். "ஆமா, காலோட பறந்திருக்கும்" என்றேன்.

குழாய் திறந்தாயிற்று, ஆனால் மேலே வாய்க்காலில் கிடக்கிற சருகு அடுத்த மழைக்கு மறுபடியும் உள்ளே இறங்குமே? அதை நினைத்துக்கொண்டே குடையை மாட்டப் போனபோதுதான் கடவுள் வழி காட்டினார். குடைக் கைப்பிடி! மூன்று பிளாஸ்டிக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து, உச்சியில் இரண்டு வளைவுத் துண்டுகளை மாட்டி, குடைக் கைப்பிடிபோல் வளைத்துவிட்டால், கீழே நின்று தூக்கிப் பிடிக்கலாம், வளைந்த மூக்கு வாய்க்காலுக்குள் இறங்கும், அடியில் ரப்பர் குழாயைச் செருகித் தண்ணீரைத் திறந்தால் சருகெல்லாம் ஓடிப்போகும். வாத்தியார் உயரத்தை அளந்து, குழாயை அறுத்துக் கொடுத்தார். முதல் தடவை திறந்தபோது மூக்கு திரும்பிக்கொண்டு, தண்ணீர் முழுவதும் வாத்தியார் வீட்டு ஜன்னலுக்குள் போய்விட்டது. உள்ளேயிருந்து அவர் மனைவி, "ஏங்க, நம்ம வீட்டுக்குள்ள மட்டும் மழை பெய்யுதுங்க!" என்று குரல் கொடுத்தார். "அது சோதனைம்மா, பயப்படாதே" என்றார் வாத்தியார் நின்ற இடத்திலிருந்தே. இரண்டாவது தடவை மூக்கு சரியாக விழுந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் குழாய்க்குள் ஏதோ உருண்டு வருவதுபோல் கடகடவென்று கேட்டு, கரேலென்று ஒரு கூடை சகதி இவர் கால்மேல் விழுந்து, அதற்குப் பின்னால் தெளிந்த தண்ணீர் வந்தது பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழாய்க்காக அழவில்லை அண்ணா. ஞாயிற்றுக்கிழமைக்காக அழுதேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னைப் பெயர் சொல்லி அதட்டுவதற்கு உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள், அண்ணியையும் அழைத்து வாருங்கள். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, "நான் செஞ்சிருந்தா இன்னும் நல்லா செஞ்சிருப்பேன்" என்று சொல்லுங்கள். நாங்கள் எல்லோரும் ஆமாம் என்கிறோம். வயதானவர்கள் வயதுக்கு ஏற்றபடி தரையில் இருப்பதுதான் அழகு.

கடவுள் உங்கள் இருவரையும் நீண்ட ஆயுளோடும் நிலையான காலோடும் வைத்திருக்க வேண்டும். அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் கால்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும்
தங்கை

பின்குறிப்பு: எழுதியதைத் திரும்பப் படித்தேன், மனசு உறுத்துகிறது. வாய்க்கால் சுத்தமாகிவிட்டது என்று எழுதுவதற்குமுன் அதைக் கண்ணால் பார்க்கவேண்டாமா? பார்க்காததைக் கணக்கில் எழுதி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே இன்று காலை இவர் முடிவெட்டக் கிளம்பியதும், நோட்டும் அதற்குள் செருகிய இந்தக் கடிதமும் பேனாவுமாக, ஒரே ஒரு நிமிஷம் என்று ஏணியைப் போட்டு, ஓட்டுக்கூரையை ஒட்டியிருக்கிற கார் ஷெட்டின் மொட்டைக் கூரைமேல் ஏறினேன். (சத்தியம் நான் இவரிடம் வாங்கினேனே தவிர, நான் செய்து கொடுக்கவில்லை.) வாய்க்கால் பளிச்சென்று இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் கைகூப்பிக் கும்பிட்டபோது கால் பட்டு ஏணி சாய்ந்துவிட்டது. இரண்டு மணி நேரமாகிறது. இந்தப் பின்குறிப்பு முழுவதும் கூரைமேல் இருந்தே எழுதுவதுதான். வாத்தியார் வீடு பூட்டியிருக்கிறது, இவர் முடிவெட்டும் கடையில் பேச உட்கார்ந்தால் உலகம் மறந்துவிடும். இதோ, தபால்காரர் வந்துவிட்டார். "அங்க என்னம்மா பண்றீங்க?" என்கிறார். "லெட்டர் எழுதறேன்" என்றேன். "கீழ எடமே கெடைக்கலையா?" என்கிறார். ஏணியை நிமிர்த்துகிறார். அவர் இதைக் கையோடு கொண்டுபோனால் சனிக்கிழமைக்குள் உங்களிடம் வந்துவிடும். இனிமேல் நீங்கள் கூரை ஏறினால் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாயில்லை, அதனால் கெஞ்சித்தான் கேட்கிறேன். இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிட்டு, மீதியை அண்ணியிடம் படிக்கக் கொடுங்கள்.